ஒட்டுப் போட்ட சைக்கிள், ஒட்டுப் போட்ட வலை

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி, இருபது ஆண்டு இடைவெளியில், வேலை மெனக்கெட்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்த இரண்டு கூட்டங்கள் இரண்டு பெரும் தொழில்களுக்கு வித்திட்டன. லாபம் பார்க்க ஆள் வந்தாயிற்று. பழுது பார்ப்பது யார் என்பதில்தான் சிக்கல்.

பின்சக்கரத்தின் அச்சிலிருந்து புகை கிளம்பும். அடிவாரத்தை அடைந்ததும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஹப்பைத் திறந்து, கருகிப்போன கிரீஸைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாக அடைத்தாக வேண்டும். நம்மூர் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்பார்களே, கிட்டத்தட்ட அது. நமக்கு வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அவர்களுக்கு ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு 'ரீபேக்' என்று பெயர். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே இருக்கும் அந்த மண் சாலைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21 அன்று நடந்தது. 3.4 கி.மீ. தூரத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். வந்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில இளைஞர்கள். அவர்களிடம் இருந்தவை 1930களிலும் 40களிலும் ஷ்வின் போன்ற கம்பெனிகள் செய்து தள்ளிய பழைய சைக்கிள்கள். கனத்த இரும்பு, தடித்த டயர், ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். புகை வந்தது அந்தப் பிரேக்கிலிருந்துதான். அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் ஆலன் பாண்ட்ஸ் ஒருவரே. எனவே ஜெயித்தவரும் அவரே.

இருபதே ஆண்டுகளில், 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸில், இந்த விளையாட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். இன்று மலைச் சைக்கிளின் பரம பக்தர்களைத் தேடிப் போனால் அந்தக் கூட்டத்தில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் கணிசமாகத் தென்படுவார்கள். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நந்தி மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. வாரம் முழுக்க சர்வரோடு மல்லுக்கட்டியவர் அன்று செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களின் உடற்பயிற்சி மோகம் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் மலைச் சைக்கிள் பிறந்த கதையையும், இன்டர்நெட்டில் நாம் கேட்கும் பக்கத்தை எடுத்து அனுப்பும் வெப் சர்வர் பிறந்த கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பத்து ஜாடை தெரிகிறது.

இந்த ஜாடைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் 'டிங்கரிங்'. மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இது ஓயாத தலைவலி. 'டிங்கரிங், பெயின்டிங்' என்று போர்டு தொங்கும் ஒர்க்‌ஷாப்பில் அது கார் ஒடுக்கெடுப்பதைக் குறிக்கிறது. அகராதிக்காரர்கள் 'பழுது பார்த்தல்' என்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரித்துப் போடுவதும் இதில் சேர்த்தி. வீட்டில் திட்டும்போது சொல்வோமே, 'எதையாவது நோண்டிக்கிட்டே இருக்காதே' என்று, அந்த நோண்டுதல்தான் பொருத்தமான சொல். நாம் அதைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பது வேறு விஷயம்.

நோண்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு மர்மக் கூட்டத்தை. 1974 டிசம்பரில் மில் வேலி என்ற ஊரில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்துக்குத் தெற்கே குபர்டினோவிலிருந்து சிலர் வந்தார்கள். தங்களை 'மாரோ டர்ட் கிளப்' என்று அழைத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய தடித்த டயர் சைக்கிள்களில் பல கியர்கள் பூட்டியிருந்தன. கியர் மாற்றும் நெம்புகோல் ஹேண்டில்பாரிலேயே, கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பந்தயம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அவர்கள் யார் என்பது மரின் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் பார்த்தது மனதில் பதிந்துவிட்டது. (குபர்டினோ என்றால் இன்று நினைவுக்கு வருவது ஆப்பிள் கம்பெனி. அது தொடங்கியதே 1976இல்தான்.)

மலை ஏறவும் இறங்கவும் ஒரே சைக்கிள் போதும் என்ற யோசனை பற்றிக்கொண்டது. அதுவரை தள்ளிக்கொண்டுதான் ஏறினார்கள், அல்லது யாருடைய லாரியிலாவது ஏற்றினார்கள். கேரி ஃபிஷர் தன்னுடைய பழைய ஷ்வின்னில் கியர்களை மாட்டினார். இருவர் மிதிக்கும் சைக்கிளிலிருந்து டிரம் பிரேக்கையும் மோட்டார் சைக்கிளிலிருந்து பிரேக் பிடியையும் எடுத்துப் பூட்டினார். எல்லாமே வேறு எதற்காகவோ செய்த பாகங்கள். இரண்டு நாள் தாங்கியதை வைத்துக்கொண்டார்கள், உடைந்ததை மாற்றினார்கள். ஃபிஷரின் அறைத்தோழர் சார்லி கெல்லி ஒரு ராக் இசைக்குழுவுக்கு மூட்டை தூக்கும் வேலையில் இருந்தவர். பந்தயங்களை நடத்தியதும் நேரத்தைக் குறித்து வைத்ததும் அவர்தான். ரீபேக் சாலை என்பது உண்மையில் ஒரு பரிசோதனைக் கூடம். எந்தப் பாகம் தேறும், எது தேறாது என்பதை அதைவிடக் கறாராக எந்த ஆராய்ச்சி நிலையமும் சொல்லியிருக்காது.

பழைய ஃப்ரேம்கள் வளைந்தும் விரிசல் விட்டும் போகத் தொடங்கின. 1977இல் ஜோ ப்ரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃப்ரேம் செய்தார். அந்த முதல் 'ப்ரீஸர்' இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் டாம் ரிட்சி என்ற இளைஞர் செய்த ஃப்ரேம்களை வைத்து ஃபிஷரும் கெல்லியும் 'மவுன்டன்பைக்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். மலைச் சைக்கிளுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

ரிட்சிக்குக் குரு போல ஒருவர் இருந்தார். ஜோப்ஸ்ட் பிரான்ட். பாலோ ஆல்டோவில், ஹ்யூலெட் பேக்கர்ட் கம்பெனியில் என்ஜினியர். அதற்கு முன் ஜெர்மனியில் போர்ஷ கார் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். மலைச் சைக்கிள் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, மெல்லிய டயர் கொண்ட சாதாரண சைக்கிளில் சான்டா குரூஸ் மலையின் மண் பாதைகளில் நண்பர்களை இழுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுவார். பதின்வயது ரிட்சி அந்தக் கோஷ்டியில் ஒருவர். ஓட்டுவதோடு பிரான்ட் நிற்கவில்லை. எது ஏன் உடைகிறது என்று கணக்குப் போட்டார். 1981இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி குழந்தை கேட்பது போன்றது: சக்கரம் எப்படி எடையைத் தாங்குகிறது? ஹப் மேலே இருக்கும் ஸ்போக்ஸ் கம்பிகளில் தொங்குகிறது என்பது பலருடைய நம்பிக்கை. பிரான்ட் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டினார். கம்பிகள் எல்லாம் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டவை. எடை ஏறும்போது மேலே இருக்கும் கம்பிகளில் மாற்றம் ஏதும் பெரிதாக நடப்பதில்லை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளில் மட்டும் விறைப்பு குறைகிறது. அதாவது சுமையை வாங்கிக்கொள்வது தளர்கிற கம்பிகள்தான். கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்தக் கடைக்காரருக்கும் இது கை அறிந்த உண்மை. ஒரு கம்பியின் நிப்பிளைத் திருகினால் பக்கத்துக் கம்பிகளும் சேர்ந்து அசையும் என்று அவருக்குத் தெரியும். பிரான்ட் அதைக் காகிதத்தில் எழுதினார். 2015இல், 80 வயதில் இறந்தார்.

கம்ப்யூட்டர்காரர்களின் சைக்கிள் பைத்தியத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மனிதன் வெறும் காலால் நடக்கும்போது பிராணிகளில் சுமாரான இடத்தைத்தான் பிடிக்கிறான், சைக்கிளில் ஏறிவிட்டால் எல்லாவற்றையும் மிஞ்சிவிடுகிறான் என்ற ஒரு விஞ்ஞானக் கட்டுரையின் செய்தியை ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்நாள் முழுவதும் மேற்கோள் காட்டினார். கம்ப்யூட்டர் மனதுக்கு வாய்த்த சைக்கிள் என்பது அவருடைய கட்சி. 1981 வாக்கில், தயாராகிக்கொண்டிருந்த மாக்கின்டாஷுக்கு 'பைசிக்கிள்' என்றே பெயர் மாற்றப் பார்த்தார். கூட இருந்தவர்கள் மசியவில்லை. நல்ல வேளை.

பணம் வந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் என்ற கம்பெனி ஜப்பானில் மொத்தமாகச் செய்வித்து 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மலைச் சைக்கிளைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. ஃபிஷரும் கெல்லியும் தங்கள் கம்பெனிப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முடியாமல் போயிற்று. அது ஊர்ப் பொதுச் சொல் ஆகிவிட்டது. கூட்டு 1983இல் கலைந்தது. ஃபிஷர் பிறகு தன் பெயரில் நடத்திய கம்பெனியை 1993இல் ட்ரெக் வாங்கியது. அந்த அலையின் கடைசி நுரை நம் கரையையும் தொட்டது. ஹீரோ ரேஞ்சர் போன்ற தடித்த டயர் சைக்கிள்கள் நம் தெருக்களில் ஓடின. மலையைக் கண்ணால் பார்த்திராத பள்ளிக்கூடப் பையன்கள் அவற்றைக் கேட்டு அடம்பிடித்தார்கள்.

பாதைகளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கெட்ட செய்தி. டமல்பயஸ் மலையில் நடக்க வருகிறவர்களும் குதிரைக்காரர்களும், பின்னாலிருந்து சீறிக்கொண்டு வரும் சைக்கிள்களைச் சகிக்கவில்லை. ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்குத் தடை வந்தது. தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட அகலமான மண் சாலைகளில் மணிக்கு 24 கி.மீ. என்று வேகக் கட்டுப்பாடு வந்தது. காவலர்கள் ரேடார் கருவியுடன் நின்றார்கள். ரீபேக் இறக்கத்தில் ஃபிஷரின் சாதனை 4 நிமிடம் 22 வினாடி. கணக்குப் பார்த்தால் மணிக்குச் சராசரி 46 கி.மீ. பிறந்த ஊரிலேயே இந்த விளையாட்டு கிட்டத்தட்டக் குற்றம் ஆனது. 1988இல் கலிஃபோர்னியா கிளப்புகள் சில சேர்ந்து உலக மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் எடுத்தது கொடி அல்ல, மண்வெட்டி. மழைத் தண்ணீர் பாதையோடு ஓடினால் அதை வாய்க்காலாக அறுத்துவிடும். குறுக்கே வழிந்து பள்ளத்தில் இறங்கும்படி பாதையைச் சற்றுச் சரிவாக வெட்டி வைக்க வேண்டும். இதைச் சம்பளம் இல்லாத ஆட்கள் செய்தால்தான் பாதை திறந்திருக்கும் என்ற நிலை. சைக்கிளில் காசு பார்த்தவர்கள் அனைவரும் மண்வெட்டி பிடித்ததாகத் தகவல் இல்லை.

இதே விரிகுடா, 1995. பாலத்தின் தெற்குப் பக்கம்.

வெப் சர்வர் என்பதை ரெக்கார்ட் ரூம் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளலாம். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுவது அவர் வேலை. உலகின் முதல் குமாஸ்தா ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீயின் மேஜை மேல் உட்கார்ந்திருந்த ஒரு கம்ப்யூட்டர். தெரியாமல் யாராவது அணைத்துவிடப் போகிறார்களே என்று, இது சர்வர், அணைக்காதீர்கள் என்று அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் ஓசியில் கிடைத்தது. எல்லோரும் அதையே எடுத்து ஓட்டினார்கள். 1994இல் அவர் நெட்ஸ்கேப் கம்பெனிக்குப் போய்விட்டார். சர்வர் அநாதையாயிற்று.

அநாதையான பண்டத்தில் கோளாறு வந்தால் என்ன செய்வது? அவரவர் நோண்டினார்கள். 1994 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ஹாட்வயர்ட்' என்ற இன்டர்நெட் இதழில் வேலை பார்த்தார் பிரையன் பெலன்டார்ஃப். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். படிக்க வருகிறவர்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது இதழின் விதி. ஆயிரக்கணக்கில் பதிவு குவிந்தபோது இல்லினாய் சர்வர் திணறியது. பெலன்டார்ஃப் அதன் வயிற்றைத் திறந்து சரி செய்தார். இப்படிச் செய்யும் திருத்தத்துக்கு சாஃப்ட்வேர் உலகில் 'பேட்ச்' என்று பெயர். முழுப் புத்தகத்தையும் அச்சடிக்காமல், இந்த வரியை எடு, அந்த வரியைச் சேர் என்று மாற்றத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவது. வாங்குகிறவர் தன்னுடைய பிரதியில் ஒட்டிக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டுகிறவரும் இதைத்தான் செய்கிறார். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் ஒட்டுகிறார். டியூப் பழசுதான். ஓட்டை மட்டும் இல்லை.

இதே மாதிரி தனித்தனியாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்தார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் கடிதப் போக்குவரத்தில் ஒன்று சேர்ந்தார்கள். விரிகுடாப் பகுதியில் ஒரு கம்ப்யூட்டரைப் பொது மேடையாக வைத்துக்கொண்டார்கள். அதற்கான இணைப்பை ஹாட்வயர்ட் இனாமாகக் கொடுத்தது. எல்லா ஒட்டுகளையும் இல்லினாய் சர்வரின் மேல் ஒட்டி ஏப்ரலில் வெளியிட்டார்கள். பெயர் 'அப்பாச்சி'. அமெரிக்கப் பூர்வகுடியினர் மீதுள்ள மரியாதையால் வைத்தது என்பது பெலன்டார்ஃப் சொன்ன விளக்கம். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'ஒட்டுப் போட்ட சர்வர்' என்றும் கேட்கும் என்பதால் அந்தச் சிலேடை ஊரெல்லாம் பரவியது. (பெயரை எடுங்கள் என்று 2023இல் பூர்வகுடித் தொழில்நுட்பக்காரர்களின் அமைப்பு ஒன்று குரல் கொடுத்தது தனிக் கதை.)

ஒட்டின் மேல் ஒட்டு எத்தனை நாள் தாங்கும்? ஷ்வின் ஃப்ரேம் விரிசல் விட்ட இடம் இதிலும் வந்தது. ஜோ ப்ரீஸ் செய்ததையே ராபர்ட் தவ் செய்தார். புது எலும்புக்கூடு ஒன்றை எழுதினார். அதற்கு அவர் இட்ட செல்லப் பெயர் 'ஷம்பாலா'. கல்கி அவதாரம் நிகழப்போவதாகப் புராணம் சொல்லும் ஊரின் பெயர் அது. தமிழ்க் காதுக்கு இது சம்பளம் என்று விழுவதைத் தவிர்க்க முடியவில்லை. சம்பளமே இல்லாத வேலைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! 1995 டிசம்பர் 1 அன்று முதல் முழுப் பதிப்பு வந்தது. சில மாதங்களில் உலகில் அதிகமாக ஓடும் வெப் சர்வர் அதுவே ஆயிற்று. 2005 வாக்கில் உலக வெப்சைட்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அதன் மேல் ஓடின. பின்னர் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ், ராம்ப்ளர் கம்பெனியில் இருந்துகொண்டே தன் விருப்பத்துக்கு எழுதிய 'என்ஜின் எக்ஸ்' அதை முந்தியது. அதுவும் நோண்டலில் பிறந்த பிள்ளைதான்.

சைக்கிள்காரர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெயரைப் பதிவு செய்யத் தவறியதை மலைக்காரர்கள் நஷ்டமாகப் பார்த்தார்கள். அப்பாச்சிக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1998இல் ஐபிஎம் கூட்டு சேர வந்தபோது கையெழுத்துப் போட ஒரு நிறுவனமே இல்லை. 1999இல் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் என்ஜினியர்களைச் சம்பளம் கொடுத்து அந்த வேலைக்கு அனுப்பின. இந்தக் குழந்தைக்கு நல்ல வளர்ப்பு கிடைத்தது.

எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கவில்லை.

2014 ஏப்ரல் 7 அன்று 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வங்கிக்கோ கடைக்கோ நாம் அனுப்பும் கடவுச்சொல்லை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்ற இலவச சாஃப்ட்வேர். பூட்டிலேயே ஓட்டை. சுமார் 5 லட்சம் சர்வர்கள் திறந்து கிடந்தன. கோளாறான வரிகள் 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில், ஊரெல்லாம் புத்தாண்டுக்குக் காத்திருந்த நேரத்தில், சேர்க்கப்பட்டவை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. யார் பார்ப்பது? அந்தத் திட்டத்தில் முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். கோடி கோடியாக வியாபாரம் நடத்தியவர்கள் பூட்டு செய்கிறவருக்கு மாதம் ஒரு டின்னர் செலவைக்கூடக் கொடுக்கவில்லை. பிரான்ட்டின் சக்கரம்தான் ஞாபகம் வருகிறது. சுமையை வாங்கிக்கொண்டிருந்தது தளர்ந்துகொண்டிருந்த கம்பி. அவமானம் தாங்காமல் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் முதலான கம்பெனிகள் அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு நிதியை உண்டாக்கின.

பத்து ஆண்டு கழித்து இன்னும் மோசமான ஒன்று நடந்தது. இந்த முறை யாரும் தவறாக எழுதிவிடவில்லை. வேண்டுமென்றே ஓட்டை போட்டார்கள். 'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கி மடித்து வைக்கும் சின்ன சாஃப்ட்வேர். பின்லாந்துக்காரர் ஒருவர் ஆண்டுக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். மனநலம் சரியில்லை, இது பொழுதுபோக்காகச் செய்வது என்று 2022இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று முகம் தெரியாத சிலர் நச்சரித்தார்கள். ஒத்தாசைக்கு 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு உலகின் லினக்ஸ் சர்வர்களுக்குள் ரகசியமாக நுழைய ஒரு கள்ளக் கதவை அதில் பொருத்தினார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்று வரை யாரும் நிரூபிக்கவில்லை. களைத்துப்போன மனிதரைத் தேடிப் பிடித்துத் தோள் கொடுப்பதுபோல் வந்தார்களே, எனக்கு அதுதான் ஆறவில்லை.

கண்டுபிடித்த கதை, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உடனே புரியும். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் என்ஜினியர் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வேறு ஏதோ சோதனையில் இருந்தார். தன்னுடைய கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்து நுழைவதற்கு முன்பு 0.3 வினாடி ஆகும். இப்போது 0.8 வினாடி ஆயிற்று. அரை வினாடி. மற்றவர்கள் கண் சிமிட்டி மறந்துவிடுவார்கள். நன்றாகப் பழகிய சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்றால் இறங்கிப் பார்க்காமல் இருக்க முடியாத ஜாதி அவர். பிரித்துக்கொண்டே போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். கள்ளக் கதவு பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேர இன்னும் சில வாரங்களே இருந்த நேரம் அது. அவருக்கு யாரும் இந்த வேலையைக் கொடுக்கவில்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன? அப்பாச்சி வந்த அதே 1995இல், ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த நாட்டின் வலை பெருமளவு இலவச சாஃப்ட்வேர் மேல்தான் ஓடுகிறது. 2015இல் மத்திய அரசு தன் அலுவலகங்களில் இத்தகைய சாஃப்ட்வேருக்கே முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. எடுத்துக்கொள்வதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் என்ஜினியர்கள் இருக்கும் தேசம் திருப்பிக் கொடுத்தது அந்த அளவுக்கு இல்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. நோண்டுகிற பிள்ளையைத் திட்டி வளர்த்ததன் பலனோ என்னவோ.

மாற்றம் தெரிகிறது. சைக்கிள் பக்கம், 2005 முதல் இமாசலப் பிரதேசத்தில் மலைச் சைக்கிள் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் பாதைகளில், பல நாட்கள் நீளும் பந்தயம். சாஃப்ட்வேர் பக்கம், பெங்களூரின் பங்கு வர்த்தக நிறுவனம் ஜெரோதா 2024 அக்டோபரில் இலவச சாஃப்ட்வேர்களைப் பராமரிப்பவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை கொடுக்க ஒரு நிதியை அறிவித்தது. உலகில் எங்கே இருப்பவரும் கேட்கலாம். தங்கள் வியாபாரமே அந்த சாஃப்ட்வேர்களின் மேல்தான் நிற்கிறது என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. உலகக் கணக்கில் இது பெரிய தொகை அல்ல. ஆனால் ஒரு கடனைக் கடன் என்று ஒப்புக்கொண்ட இந்தியக் கம்பெனி என்ற வகையில் இது முக்கியம்.

அந்த நிதிக்கு விண்ணப்பிக்கும் முறை விசித்திரமானது. சாஃப்ட்வேரைப் பராமரிப்பவர் ஒரு சிறு கோப்பைத் தயார் செய்து தன்னுடைய வெப்சைட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். நான் செய்வது இது, எனக்கு ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகளாக உலகத்துக்கு ஓசியில் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவர்கள் முதன்முறையாக விலைப் பட்டியல் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள்.